ஒரு போல்ட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

2001 நவம்பர் 12 காலை நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587-ஆம் விமானம், மேலேறிய சற்று நேரத்திலேயே குவீன்ஸ் பகுதியின் பெல் ஹார்பரில் வீடுகளின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். எரிந்து கிடந்த சிதைவுகளுக்கு நடுவே ஒரு பெரிய பாகம் மட்டும் காணவில்லை. விமானத்தின் செங்குத்து வால் அது. ஜமைக்கா விரிகுடாத் தண்ணீரிலிருந்து ஏறக்குறைய முழுசாக அதை எடுத்தார்கள். விமானம் விழுவதற்கு முன்பே வால் கழன்றிருந்தது.

இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததால் முதலில் எல்லோரும் பயங்கரவாதம் என்றே நினைத்தார்கள். அப்படியில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. அந்த ஏர்பஸ் ஏ300-600 விமானத்தின் வால் உலோகத்தால் ஆனதல்ல, கார்பன் இழையும் எப்பாக்ஸி ரெசினும் சேர்ந்த கலவைப் பொருள். வாலின் அடியில் முன், நடு, பின் என மூன்று ஜோடியாக ஆறு காதுகள் உண்டு. விமானப் பொறியாளர்கள் இவற்றை ‘லக்’ என்பார்கள். ஒவ்வொரு காதிலும் ஒரு துளை. துளைக்குள் ஒரு தடித்த உலோக போல்ட். அந்த போல்ட் வாலை உடலோடு பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டு விசைக்குத் துணைப் பிடிகள் தனியே இருந்தாலும், வாலின் பாரத்தில் பெரும்பகுதி இறங்குவது இந்த ஆறு துளைகளின் ஓரத்தில்தான்.

கார்பன் இழை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் பலத்தையும் எடைக் குறைவையும்தான் பேசுகிறோம். விளம்பரங்களும் அப்படியே. உண்மையான தலைவலி எல்லாம் அதைப் பக்கத்துப் பாகத்தோடு மாட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

ஒற்றைக் கார்பன் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான். லட்சக்கணக்கான இழைகளை ஒரே திசையில் கிடத்தி, ரெசினில் ஊறவைத்து, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுக்கினால் கிடைக்கும் தகடு, இழை ஓடும் திசையில் 1,500 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை தாங்கும். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியம் 500-ஐ ஒட்டித்தான் தாங்கும். கார்பன் தகட்டின் எடையோ அலுமினியத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஆனால் அதே தகட்டை இழைக்குக் குறுக்கே இழுத்தால் சுமார் 50 மெகாபாஸ்கலில் பிளந்துவிடும். அந்தத் திசையில் சுமையைத் தாங்குவது இழையல்ல, இழைகளுக்கு இடையில் இருக்கும் ரெசின்.

பனஞ்சட்டத்தில் வேலை செய்து பழகிய தச்சருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பனைமரமும் மென்மையான சதைக்குள் கறுப்பு நார்கள் நெடுக ஓடும் கலவைப் பொருள்தான். சட்டத்தின் நுனியை ஒட்டி ஆணி அடித்தால் நார் போகும் வழியே பிளந்துகொள்ளும். அதனால் அவர் முதலில் துளை போடுவார். நுனியிலிருந்து தள்ளிப் போடுவார். இரண்டு துளை வேண்டுமென்றால் ஒரே நார் வரிசையில் வைக்க மாட்டார். விமானப் பொறியாளர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. தச்சருக்கு இல்லாத ஒரு வசதி மட்டும் அவருக்கு உண்டு: நார் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யலாம்.

துளையோரத்தில் என்ன நடக்கிறது என்பதை 1898-லேயே ஜெர்மனியில் கிர்ஷ் என்ற பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். அகலமான தகட்டில் ஒரு சிறு வட்டத் துளை இருந்து தகட்டை இழுத்தால், துளையின் பக்கவாட்டு ஓரத்தில் தகைவு மற்ற இடங்களைப் போல் மூன்று மடங்காக ஏறும். துளை சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் மூன்றுதான். எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளுக்கான கணக்கு இது. இழைகள் எல்லாம் இழுவிசையின் திசையிலேயே ஓடும் கார்பன் தகட்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஏழு மடங்கு வருகிறது. இழைகளை விசைக்கு 45 பாகை சாய்த்து, ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கிடத்தினால் இரண்டாகக் குறைந்துவிடுகிறது. இழுவிசையை நன்றாகத் தாங்க நேர் இழை வேண்டும். துளையைத் தாங்கச் சாய்ந்த இழை வேண்டும். இந்த இழுபறியிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது.

அலுமினியத்துக்கு இங்கே தப்பிக்க ஒரு வழி உண்டு. துளையோரத்தில் தகைவு எல்லையைத் தாண்டியதும் அந்த இடம் மட்டும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். சுமை பக்கத்துக்குப் பரவும். ஒரே தடவை இழுத்து முறிப்பதாக இருந்தால், முறியும் தறுவாயில் அந்த மூன்று மடங்கு ஏறக்குறைய மறைந்தே போயிருக்கும். வடிவமைப்பவர் ஓரளவு கவனக்குறைவாக இருந்தாலும் பொருள் அதைச் சமாளித்துக்கொள்கிறது. கார்பன் இழைக்கு நெளியத் தெரியாது. முறியும்வரை நேர்கோட்டில் நீளும், பிறகு முறியும். துளையோரத்தில் ரெசினில் நுண்வெடிப்புகள் விழுந்து, அடுக்குகள் லேசாகப் பிரிந்து, தகைவின் கூர்மை ஓரளவு மழுங்குவது உண்மை. அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைத்தான் சோதனைக்கூடங்கள் அரை நூற்றாண்டாக அளந்துகொண்டிருக்கின்றன. இந்தத் துறையில் எல்லோரும் சுட்டும் பெயர் எல்.ஜே. ஹார்ட்-ஸ்மித். டக்ளஸ் விமான நிறுவனத்தில் இருந்தபடி 1970-களில் நாசாவுக்காக அவர் செய்த சோதனைகளிலிருந்து தெரியவந்த முக்கியமான செய்தி இது: நன்றாக வடிவமைத்த போல்ட் இணைப்பு, துளையில்லாத தகட்டின் பலத்தில் பாதியை எட்டினாலே பெரிய விஷயம்.

இதன் விளைவு பலருக்கு வியப்பாக இருக்கும். விமான இறக்கையின் மேல்தோல் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் முடிவு செய்வது நடுத்தகட்டின் பலம் அல்ல, போல்ட் துளையின் பலவீனம். இன்று துளையே இல்லாத இடத்திலும் இதே கதைதான். நாளைக்கு அங்கே அடிபட்டால் ஒரு ஒட்டுத்தகட்டை வைத்து போல்ட் போட்டுச் சரி செய்ய முடிய வேண்டும் என்பதற்காக, வரப்போகும் துளைக்கும் சேர்த்தே தடிமன் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே இணைப்பை முதலில் வடிவமைத்துவிட்டு அதற்கு ஏற்றபடி பாகத்தை வடிவமைக்க வேண்டும். உலோகத்தில் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: பாகம் முதலில், போல்ட் பிறகு. கடைசியில் விழி பிதுங்கும்.

போல்ட் போட்ட தகடு தோற்கும் வழிகள் சில. துளைக்கு இருபுறமும் மிச்சமிருக்கும் அகலம் போதாமல் தகடு குறுக்கே அறுந்து போகலாம். துளைக்கு முன்னால் ஓரம் போதாமல் போல்ட் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரலாம். நேர் இழை அதிகமாக இருந்தால் ஓரம் எவ்வளவு விட்டாலும் இது நடக்கும், இழைகளுக்கு நடுவே ரெசின் மட்டும் அறுந்து கொடுத்துவிடும். குறுக்கு இழை குறைவாக இருந்தால் தகடு நெடுக்காகப் பிளந்து போகலாம். தகடு மெல்லியதாக இருந்தால் போல்ட்டின் தலையே அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கலாம். இவற்றை எல்லாம் அடைத்துவிட்டால் கடைசியில் மிஞ்சுவது ஒன்று: போல்ட் அழுத்தும் பக்கத்தில் துளைச்சுவர் மெல்ல மெல்ல நசுங்குவது. பொறியாளர் விரும்புவது இந்தத் தோல்வியைத்தான். திடீரென்று முறியாது, துளை நீள்வட்டமாகும், இணைப்பு ஆடும், சத்தம் கொடுக்கும். யாராவது கவனிக்க அவகாசம் இருக்கும்.

அந்தத் தோல்விக்கு வழிவிடத்தான் நாலு திசையிலும் இழை. நேராகக் கொஞ்சம், குறுக்கே கொஞ்சம், இரு சாய்விலும் கொஞ்சம். எந்தத் திசையிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்பது பட்டறைகளில் நிலைத்துவிட்ட விதி. ஒரே திசை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கக்கூடாது, கலந்து கிடத்த வேண்டும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம்வரை போல்ட் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது விட வேண்டும். அலுமினியத்துக்கு இரண்டு போதும். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து விட்டம். தலைப்பில் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்.

ஒரு போல்ட் போதவில்லை என்றால் நாலு போட்டுவிடலாமே? இங்கேயும் அலுமினியம் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. சுமை போகும் திசையில் நாலு போல்ட்டை வரிசையாக வைத்தால் சுமை நாலாகப் பிரிவதில்லை. முதலும் கடைசியும் அதிகம் வாங்கும், நடுவில் உள்ளவை குறைவாக வாங்கும். உலோகத்தில் முதல் துளை சற்று நெளிந்ததும் சுமை நடுவுக்கு நகர்ந்து சமமாகிவிடும். கார்பன் தகட்டில் அந்தச் சமாதானம் நடப்பதற்குள் முதல் துளையோரம் முறிந்துவிடக்கூடும். தவிர, அந்த முதல் துளையின் பக்கமாக மற்ற போல்ட்டுகளுக்குப் போகும் சுமையும் கடந்து செல்கிறது. தன் சுமை, அடுத்தவர் சுமை இரண்டும் ஒரே ஓரத்தில் சேருகின்றன. ஒரு துளை பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால்கூட அந்த போல்ட் மற்றவை நன்றாக இழுபட்ட பிறகே வேலைக்கு வரும். வரிசையை நீட்டிக்கொண்டே போவதில் லாபம் சீக்கிரமே நின்றுவிடுகிறது.

இனி வால் கழன்ற விமானம். விசாரணையில் முதலில் எல்லோர் கண்ணும் போனது இடது நடுக் காதின் மேல். 1988-ல் விமானத்தை ஒப்படைக்கும் முன்பே அந்த இடத்தில் அடுக்குகள் பிரிந்திருந்ததைக் கண்டுபிடித்து, கூடுதல் அடுக்கும் ரிவெட்டும் வைத்துச் சரி செய்திருந்தார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே தோன்றியது. ஆனால் முறிவு தொடங்கியது அங்கே அல்ல, வலது பின் காதில். நாசாவின் லாங்லி ஆய்வு மையம் கணினியில் கணக்கிட்டது. அதே வகைக் காதுகளைச் சோதனைக்கூடத்தில் இழுத்து முறித்தும் பார்த்தார்கள். 2004 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவைச் சொன்னது. முன்னால் போன ஜம்போ விமானத்தின் காற்றுச் சுழலில் விமானம் குலுங்கியபோது, துணை விமானி சுக்கான் மிதியைத் தேவையில்லாமல் மாறி மாறி முழுக்க மிதித்தார். சுக்கான் அமைப்பின் குணமும் நிறுவனத்தின் பயிற்சி முறையும் அதற்குத் துணைபோயின. விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய உச்ச சுமை என்று ஒன்றை வரையறுப்பார்கள். அதைப்போல் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காது முறிந்தது ஏறத்தாழ இரண்டு மடங்கில். கேட்டதைவிட அதிகமாகவே தாங்கியிருக்கிறது.

என் பார்வையில் இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொரு விமானத்தின் கதை. 1997 மே மாதம் அதே நிறுவனத்தின் அதே வகை விமானம், 903-ஆம் எண், ஃப்ளோரிடாவில் வெஸ்ட் பாம் பீச் அருகே கட்டுப்பாடு இழந்து புரண்டு, பிறகு சமாளித்துப் பத்திரமாக இறங்கியது. வாலைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். பழுது ஒன்றும் தெரியவில்லை. விமானம் தொடர்ந்து பறந்தது. 587 விழுந்த பிறகு, 2002-ல், அதன் வாலை மீயொலி கொண்டு சோதித்தபோது காதின் உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தது தெரிந்தது. அன்று அந்த வால் ஒன்றரை மடங்கு எல்லையையும் தாண்டிய சுமையை வாங்கியிருந்தது. உலோகக் காதாக இருந்திருந்தால் துளை நீண்டிருக்கும், வளைந்திருக்கும், மெக்கானிக்கின் கண்ணில் பட்டிருக்க வாய்ப்புண்டு. இழைப்பொருள் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே விட்டுக் கொடுக்கும். அதனால்தான் இதில் கவலையை எல்லாம் முன்கூட்டியே பட்டுவிட வேண்டியிருக்கிறது.

துளை போடுவதிலிருந்தே கவலை ஆரம்பம். டிரில் நுழையும்போது மேல் அடுக்கைச் சுருட்டித் தூக்கும். வெளியேறும்போது கடைசி அடுக்கைத் தள்ளிப் பிரிக்கும். பின்னால் ஒரு பலகையை இறுக்கி வைத்துக்கொண்டு, கார்பைடு அல்லது வைரம் பதித்த பிட்டால், கடைசியில் அழுத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். சாதாரண ஸ்டீல் பிட் சில துளைகளிலேயே மழுங்கிவிடும். மழுங்கிய பிட் வெட்டாது, கிழிக்கும். பறக்கும் தூள் மின்சாரம் கடத்துவது; பக்கத்தில் மின்னணுக் கருவி இருந்தால் அதற்கும் ஆபத்து, உறிஞ்சியெடுக்காவிட்டால் மூச்சுக்கும் ஆபத்து. ரிவெட்டை அடித்து விரிக்கும் பழைய வழக்கமும் இங்கே உதவாது, விரியும் ரிவெட் துளைச்சுவரை வெடிக்க வைக்கும்.

போல்ட்டை இறுக்குவது பெரிய உதவி. வாஷர் இரு பக்கமும் அழுத்திப் பிடித்தால், நசுங்கும் இழைகள் பக்கவாட்டில் பிதுங்கி அடுக்கு பிரிய இடம் கிடைக்காது; கையால் மட்டும் முடுக்கிய போல்ட்டைவிட இணைப்பு கணிசமாக அதிகம் தாங்கும். ஆனால் தடிமன் திசையில் அந்த அழுத்தத்தைத் தாங்குவது ரெசின். வெப்பமும் ஈரமும் பட்டு வருடங்கள் போகப் போக ரெசின் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், இறுக்கமும் தளரும். கெட்டிக்காரப் பொறியாளர் இந்த லாபத்தைக் கணக்கில் முழுக்க எழுதிக்கொள்ள மாட்டார்.

போல்ட் எந்த உலோகம் என்பதும் முக்கியம். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். கரைந்து போவது அலுமினியம். அதனால் கார்பன் பாகங்களில் விலை அதிகமானாலும் டைட்டானியம் போல்ட். அலுமினியத்தைத் தொட்டே ஆக வேண்டிய இடத்தில் நடுவே ஒரு கண்ணாடி இழை அடுக்கு. போயிங் 787-இன் எடையில் பாதி கலவைப் பொருள் என்பது எல்லோரும் சொல்வது. அதே விமானத்தில் சுமார் 15 சதவீதம் டைட்டானியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 787-ஐயே இணைப்பு ஒன்று தடுத்து நிறுத்தியது. 2009-ல் இறக்கையை வளைத்துச் சோதித்தபோது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில், மேல்தோலின் உள்ளே ஓடும் விறைப்புச் சட்டங்களின் முனைகளில் அடுக்குகள் பிரிந்தன. ஒரு பக்கத்துக்கு 17 இடங்கள். சட்டம் முடியும் இடத்தில் அதன் சுமை திடீரென்று தோலுக்கும் போல்ட்டுகளுக்கும் இறங்கியதுதான் காரணம். சட்ட முனைகளில் ‘யு’ வடிவில் வெட்டி அங்கே சுமையைக் குறைத்து, டைட்டானியப் பிடிகளையும் போல்ட்டுகளையும் வைத்துச் சரி செய்தார்கள். ஜூனில் பறக்க இருந்த விமானம் டிசம்பர் 15-ல்தான் மேலெழுந்தது.

இத்தனை தொல்லைக்கு, துளையே போடாமல் ஒட்டிவிடக்கூடாதா? ஒட்டலாம், பல இடங்களில் ஒட்டுகிறார்கள். ஒட்டில் குமிழியோ இடைவெளியோ இருந்தால் மீயொலி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தொட்டுக்கொண்டிருக்கிறதே தவிரப் பிடிக்கவில்லை என்ற நிலையை அதனால் சொல்ல முடியாது. பரப்பைத் துடைக்கும்போது விரல் எண்ணெய் பட்டிருந்தாலே போதும். அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டுதல் ஒட்டு இணைப்புக்கு மூன்று வழி தருகிறது: ஒட்டு விட்டாலும் ஓரளவுக்கு மேல் பரவாதபடி வடிவமைப்பது, ஒவ்வொரு பாகத்தையும் சுமை ஏற்றிச் சோதிப்பது, அல்லது ஒட்டின் பலத்தை முறிக்காமல் அளந்து காட்டுவது. மூன்றாவதற்கு நம்பகமான கருவி இன்னும் இல்லை. ஆகவே ஒட்டிய பிறகும் நடுநடுவே சில ரிவெட்டுகள். பொறியாளர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு இதை ‘சிக்கன் ரிவெட்’ என்பார்கள். நம் ஊரில் பயந்தாங்கொள்ளி ரிவெட் என்றிருப்போம்.

துளைக்குள் இழையை வெட்டாமல் தப்பிக்கவும் ஒரு வழி உண்டு: போல்ட்டைச் சுற்றி இழையை வளைத்துக் கொண்டுவருவது. 1967-ல் முதலில் பறந்த ஜெர்மனியின் பிஓ 105 ஹெலிகாப்டரில், கண்ணாடி இழைக் கற்றைகள் சுழலியின் முதன்மை போல்ட்டைச் சுற்றி வளைந்து மறுபடி இறகுக்குள்ளேயே போகும். நேர்த்தியான தீர்வு. ஒரே போல்ட், சுமை எப்போதும் ஒரே திசை என்றால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. சுமை பல திசையில் வந்தால் மறுபடி பழைய கதைதான்.

பல திசையில் வருவதற்கு ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளைவிட நல்ல உதாரணம் இல்லை. முப்பந்தல் பக்கம் போகும்போது இறகின் நீளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது அதன் அடிவட்டம். இறகு கண்ணாடி இழையால் ஆன குழல். அது நடுக்குடத்தின் எஃகு வளையத்தோடு சேருவது ஐம்பது அறுபது போல்ட்டுகளால், பெரிய இறகுகளில் நூறுக்கும் மேல். நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் இறகின் சொந்த எடை ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் வளைக்கும். இடைவிடாமல் சுற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 79 லட்சம் தடவை. இருபது ஆண்டில் பதினைந்து கோடியைத் தாண்டும். காற்றின் அடி இதற்கு மேல் தனி.

இதற்குப் பயன்படும் ‘டி-போல்ட்’ முறை எளிமையானது. இறகின் அடிச்சுவரில் வெளியிலிருந்து உள்ளாக ஒரு பெரிய துளை; அதில் உருளை வடிவ எஃகுத் துண்டு ஒன்று, பேரல் நட். அடிவிளிம்பிலிருந்து நெடுக இன்னொரு துளை. அதன் வழியே போகும் நீண்ட போல்ட் பேரல் நட்டில் திருகிக்கொள்ளும். போல்ட்டை நன்றாக இழுத்து இறுக்கிவிட்டால், கண்ணாடி இழைச் சுவர் எப்போதும் அமுங்கியே இருக்கும். வெளியிலிருந்து வரும் சுமை ஏறி இறங்குவதில் பெரும்பகுதியை அந்த அமுக்கமே வாங்கிக்கொள்ளும், போல்ட்டுக்குப் போவது கொஞ்சம்தான். இறுக்கம் தளர்ந்தால் கணக்கு தலைகீழாகி, போல்ட் சோர்ந்து முறியும். ஆகவேதான் காற்றாலை ஓடத் தொடங்கிய சில நூறு மணி நேரத்திலேயே ஆள் மேலே ஏறி முறுக்கத்தைச் சரிபார்க்கிறார், பிறகும் காலம் தவறாமல் ஏறுகிறார். ஆனால் அத்தனை பெரிய குறுக்குத் துளைகளைத் தாங்க அடிச்சுவர் மிகத் தடிமனாக இருக்க வேண்டும், 30 மி.மீ. போல்ட் என்றால் சுவர் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். துளைகளை நெருக்கி வைக்கவும் முடியாது.

போட்டி முறை, எஃகுச் செருகல்களை இறகை வார்க்கும்போதே அடிச்சுவருக்குள் பதித்து ஒட்டிவிடுவது. குறுக்குத் துளை தேவையில்லை, நெருக்கமாக வைக்கலாம், அதே வட்டத்தில் அதிக போல்ட் கொள்ளும், சுவரும் மெலியும். இறகுகள் நூறு மீட்டரைத் தாண்டிவிட்ட காலத்தில் இது பெரிய கவர்ச்சி. ஆனால் எல்லாம் ஒட்டை நம்பியே இருக்கிறது. முறிந்த டி-போல்ட்டை மேலேயே கழற்றி வேறொன்றை மாட்டலாம். செருகலின் ஒட்டு விட்டுப்போனால் கிரேனை வரவழைத்து இறகையே இறக்க வேண்டியதுதான்.